நாலு மணிக்கு, மேம்பாலத்துக்கு அடியில்

மார்ச் 4

அன்புள்ள சுதிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைத் திரும்ப ஒட்டி அனுப்பிவிடாதே. புலவன்தான். முகவரி கொடுத்தது நம் இடி. முதுகுப் பிடிப்பால் அவன் இப்போது டிரம்ஸைத் தொடுவதில்லை, ஆனால் வாய் மட்டும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. "போன் நம்பரும் இருக்கு, பேசித் தொலையேன்டா" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். பாட்டைப் பற்றி நாம் எப்போதும் காகிதத்தில்தானே பேசித் தீர்த்திருக்கிறோம்? நேரில் பேசினால் சண்டைதான் வரும்.

நலமா? இன்னும் ஒரு பாட்டுக்கு அரைமணி நேரம் கிட்டாருக்குச் சுதி சேர்க்கிறாயா, இல்லை வெளிநாட்டுக்குப் போய்த் திருந்திவிட்டாயா? நான் மருந்துப் பெட்டி அச்சடிக்கிற இடத்தில் எழுத்துப் பிழை பார்க்கிறேன். "பயன்படுத்தும் முன் நன்றாகக் குலுக்கவும்." இப்போதைக்கு என் கவிதை அதுதான். என் எழுத்தை இத்தனை பேர் இதற்கு முன் படித்ததில்லை. ஒருத்தர்கூட அர்த்தம் கேட்டு வந்ததும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குழு கலைந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. மற்ற பாட்டெல்லாம் போன இடம் தெரியவில்லை. 'மேம்பாலம்' மட்டும் எப்படியோ உயிரோடு இருக்கிறது. இப்போது நான்கு இளம்பிள்ளைகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதைப் புதிதாகப் பதிவு செய்யப்போகிறார்களாம். டயர் கிடங்கு மாடியில் நாம் பயிற்சி செய்தபோது எதிரே மூட்டை ஏற்றுகிறவர்கள் தூக்கி இறக்கும்போது போடும் சத்தத்தை நீ கிட்டாரில் பிடித்தாயே, அந்த இடத்தைக் கேட்டு அசந்துவிட்டார்கள். மெட்டில் கை வைக்க மாட்டார்கள், கவலைப்படாதே. அவர்களுடைய தயாரிப்பாளர்தான் ஒன்று கேட்கிறார். "சரணமெல்லாம் பிரமாதம் சார். பல்லவிதான் யாரையோ பாக்க நேரம் குறிச்ச மாதிரி இருக்கு. கவித்துவமா ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."

உண்மையைச் சொன்னால் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பல்லவி என்னுடையதே இல்லையே! திங்கட்கிழமை நீ மெட்டோடு வருவாய். சந்தம் தெரிய வேண்டும் என்று வாய்க்கு வந்த டம்மி வார்த்தைகளைப் போட்டுப் பாடி, தாளில் எழுதித் தருவாய். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு வரியாக அடித்துவிட்டு, மேலே என் வரியை எழுதி சனிக்கிழமை திருப்பித் தருவேன். அப்படி நூறு வரி அடித்திருப்பேன். அடிபடாமல் தப்பிய ஒரே டம்மி இந்த நாலு வரிதான். தப்பியதோடு நிற்காமல் ஊரெல்லாம் பேரும் வாங்கிவிட்டது:

ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு
மேம்பாலத்துக்கு அடியில நிப்பேன்
மழை வந்தாலும் வெயில் வந்தாலும்
உன்னைப் பாக்காமப் போக மாட்டேன்

பாட்டில் பாதி உன்னுடையது. நீ சரி என்று சொல்லாமல் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன். புதிதாக எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன்:

நிழலுக்குள்ளே நிழலாய் நிற்பேன்
நினைவுக்குள்ளே மழையாய் வருவேன்

எப்படி?

என்றும் அன்புள்ள,
புலவன்

*

மார்ச் 19

புலவர் பெருமானுக்கு வணக்கம்.

உறையை ஒட்டவில்லை. ஆனால் பிரிக்கத் தைரியம் வரவில்லை, இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் போய்வந்துகொண்டிருந்தேன். "பில்லா?" என்று கேட்டார் இவர். "பழைய பில்" என்றேன்.

நலம்தான். கண்ணாடிக் கடையில் வேலை. வில்லைகளை ஓரம் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். உன் தொழில் மாதிரியேதான், அளவு மீறினால் உட்காராது. இவர் பள்ளி வாகனம் ஓட்டுகிறார். சாந்தமான மனுஷன். வண்டி நிறையப் பிள்ளைகள் கத்தினாலும் முகம் சுளிக்க மாட்டார். மகள் வேறு ஊரில் படிக்கிறாள். அம்மாவிடம் பேச வேண்டும் என்று மாதத்துக்கு ஒருமுறை அவளுக்கு ஞாபகம் வருகிறது, சட்டை தைக்கத் தெரியாதபோது. கிட்டார் அலமாரிக்கு மேல் இருக்கிறது. மேலே போர்வை போட்டு வைத்திருக்கிறேன்.

மருந்துப் பெட்டியைப் படித்துச் சிரித்தேன். இனி இங்கே ஒவ்வொரு புட்டியையும் உன்னை நினைத்துக்கொண்டுதான் குலுக்குவேன்.

வரிக்கு வருகிறேன். நிழலுக்குள் நிழலாக நின்றால் அந்த ஆள் நிற்பது யாருக்கையா தெரியும்? பார்க்க வந்தவள் தடுக்கி விழுந்து போகவா? சரணத்தில் நீ 'காலம் ஒரு கிழிந்த காற்றாடி' என்று எழுதியபோதே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இடிகூட அந்த வரி வந்தால் அடியைக் கூட்டிவிடுவான், கேட்காமல் இருக்கட்டும் என்று. ஊர் எதைப் பாடுகிறது, காற்றாடியையா? நாலு மணியைத்தானே பாடுகிறது? அதைப் போய் எதற்கு நோண்டுகிறாய்?

அப்படியே இருக்கட்டும். தயாரிப்பாளரிடம் நான் சொன்னதாகச் சொல்.

அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும். தண்ணீர் நிறையக் குடி. பயிற்சி முடியும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காத பிறவி நீ.

சுதி

*

மார்ச் 31

அன்புள்ள சுதி,

கிழிந்த காற்றாடியைச் சொல்லிவிட்டாய். இருபத்தாறு வருஷம் கழித்து! இதை அப்போதே சொல்லியிருந்தால் அடித்திருப்பேனே.

உன் கடிதத்தை அலுவலகத்தில் மேசை இழுப்பறைக்குள் வைத்து, பெட்டி வாசகம் பார்ப்பதுபோலப் படித்தேன். எழுத்தும் மாறவில்லை, வாயும் மாறவில்லை. மனசு நிறைந்துபோய் ஒரு மாத்திரைப் பெட்டியில் பிழையைக் கோட்டைவிட்டேன்.

ஆனாலும் நீ என் பக்கத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வருஷத்துக்கு நாலு பேராவது என்னைத் தேடி வருகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அந்தப் பல்லவிக்கு என்ன சார் அர்த்தம்?" ஒரு கல்லூரி ஆசிரியர் கட்டுரையே எழுதிவிட்டார். மேம்பாலம் என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவில் உள்ள நிலையாம். நாலு மணி என்பது முதுமையாம். மழை என்பது கண்ணீர். அதில் தப்பில்லை, எல்லா மழையும் கண்ணீர்தான் அவர்களுக்கு. அவர் எனக்குக் கை கொடுத்து, கண் கலங்கி, "எப்படி சார் தோணுச்சு?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

நான் எழுதாத வரிக்கு நான் மாலை வாங்கிக்கொண்டிருக்கிறேன், சுதி. என் பேரில் நிற்கிற ஒரே பாட்டு. அதில் ஜனங்கள் விரும்புகிற ஒரே இடம் என்னுடையதில்லை. இந்தத் தடவையாவது அந்த இடத்தில் என் வரி ஒன்று உட்கார வேண்டும் என்று ஆசைப்படக் கூடாதா? இன்னொன்று எழுதியிருக்கிறேன். நிழல் கிழல் எதுவும் இல்லை:

காற்றில் எழுதிய முகவரி போலே
காத்துக் கிடக்கும் என் நாட்கள்

"காத்துல எழுதுன அட்ரஸுக்குத் தபால்காரர் எப்படி வருவார்" என்றுதானே கேட்கப்போகிறாய்? கேள். ஆனால் அதற்கும் மேலே ஒரு காரணம் சொல். சும்மா சந்தத்துக்குப் போட்ட டம்மி வரிக்கு நீ ஏன் இத்தனை வக்காலத்து வாங்குகிறாய்? அதற்கு உன் மனசில் ஏதாவது அர்த்தம் இருந்ததா? இருந்தால் சொல்லிவிடு, வருகிறவர்களுக்குச் சொல்லவாவது உதவும்.

மே மாதக் கடைசியில் பதிவு.

அன்புடன்,
புலவன்

*

ஏப்ரல் 26

சுதி,

பதிலே காணோம். கோபமா, தபால் சுணக்கமா? கோபம் என்றால் காற்று, முகவரி இரண்டையும் நானே அடித்துவிட்டேன். வேறு ஏழெட்டு வைத்திருக்கிறேன். அவற்றையும் அனுப்பி உன்னை வதைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன்.

உடம்பு சரியாக இருக்கிறதா என்று மட்டுமாவது ஒரு வரி போடு. அந்த வரியை மாற்றச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

புலவன்

*

மே 3

புலவருக்கு,

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. கோபம்தான்.

அர்த்தம் கேட்கிறாய். உன் ஆசிரியர், கட்டுரை, சாவு, முதுமை எல்லாவற்றையும் படித்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? தயாரிப்பாளர் ஒருத்தர்தான் ஒழுங்காகப் படித்திருக்கிறார். யாரையோ பார்க்க நேரம் குறித்த மாதிரி இருக்கிறது என்றாராமே? நேரம்தான் குறித்தேன். உனக்கு.

எனக்கு டம்மி வரி எழுதத் தெரியாதா? 'பச்சைச் சட்ட பல்ல வெளக்கு, பாலு பொங்கிருச்சு அடுப்ப அணை' என்று எத்தனை எழுதியிருக்கிறேன்! நீ சிரித்துக்கொண்டே அடிப்பாயே, அதெல்லாம் டம்மி. ஏதாவது ஒன்றில் கிழமை இருந்ததா? நேரம் இருந்ததா? நிற்கிற இடம் இருந்ததா?

அந்த வாரம் எனக்கு இங்கே வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமைக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். போகாதே என்று நீ சொன்னால் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். நேரே கேட்க வாய் வரவில்லை. ஆயிரம் பேர் முன்னால் மைக்கில் கத்துவேன், உன் முகத்தைப் பார்த்து இதைக் கேட்க முடியவில்லை. அதனால் பாடினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு காலால் தாளம் போட்டாய். சனிக்கிழமை தாளைத் திருப்பித் தந்தாய். எல்லாவற்றையும் அடித்திருந்தாய், அந்த நாலு வரியைத் தவிர. என்னைப் பார்த்து "இது இருக்கட்டும்" என்றாய். சொன்னாயா இல்லையா? பிடிக்காததை நீ விட்டுவைத்ததே கிடையாது. சரி என்று சொல்லிவிட்டாய் என்று நினைத்தேன். அன்று ராத்திரி தலைக்கு ஊற்றிக்கொண்டு, இருக்கிற ஒரே நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கே போய் நின்றேன். மழையெல்லாம் இல்லை, கொளுத்துகிற வெயில். பாலத்துக்கு அடியில் லாரி கழுவுகிறவர்கள் இருந்தார்கள். ஒருத்தர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு "உக்காரும்மா" என்றார். உட்காரவில்லை. நிற்பேன் என்றுதானே எழுதியிருந்தேன்! தெருவிளக்கு வந்தது. அவர்களும் போய்விட்டார்கள். வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை "வேலை கிடைச்சிருக்கு, போறேன்" என்றேன். நீ "வாழ்த்துகள்" என்றாய். அந்த ஒரு வார்த்தைதான். என் வரி வேண்டும், நான் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வர முடியவில்லையா, வர விருப்பம் இல்லையா? எதுவாக இருந்தாலும் சொல்லிவிடு. எனக்கு வயதாகிவிட்டது, தாங்குவேன்.

சுதி

*

மே 14

சுதி,

இரண்டும் இல்லை. எனக்குத் தெரியவே தெரியாது.

நீ நம்ப வேண்டும். நீ பாடிய அன்றிலிருந்து அது ஒரு டம்மி என்றுதான் நினைத்திருந்தேன். 'நாலு மணிக்கு' என்று பார்த்ததும் எனக்குச் சந்தம்தான் தெரிந்தது. 'அஞ்சு மணிக்கு' போட்டாலும் அதே அளவில் உட்காரும் என்று யோசித்தேன். ஆமாம், அதைத்தான் யோசித்தேன்! இத்தனை காலம் வார்த்தையோடு வாழ்கிறேன். எனக்கென்று ஒருத்தி சொன்ன நாலு வார்த்தையைப் படிக்கத் தெரியவில்லை.

"இது இருக்கட்டும்" என்று சொன்னேன்தான். பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. இப்போதைக்கு இருக்கட்டும், இதற்கு மேல் நல்லதாக ஒன்று கிடைக்கவில்லை என்று சொன்னேன். அதைவிட நல்ல வரி கையில் வராமல் நான் எதையும் அடிக்க மாட்டேன். நான் அடிக்காததெல்லாம் எனக்குச் சம்மதம் என்று நீ வைத்துக்கொண்டாய். அடிக்காதது பாக்கி வேலை என்று நான் வைத்திருந்தேன். இத்தனை பாட்டு சேர்ந்து எழுதினோம், இதை ஒருநாளாவது பேசியிருக்கிறோமா?

அந்த ஞாயிறு எங்கே இருந்தேன் என்று கேள். வீட்டில் இருந்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலையிலிருந்து அந்த நாலு வரிக்குத்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த மெட்டு உன் மெட்டுகளிலேயே அழகானது. அதற்குக் குறைச்சலாக ஒன்றைப் போட்டுத் தரக் கூடாது, திங்கட்கிழமை நீ படித்துவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று வெறியாக இருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது எரிந்து விழுந்தேன். இருட்டின பிறகுதான் விளக்கைப் போட்டேன். ஒரு வரிகூட வரவில்லை. நீ நின்றுகொண்டிருந்த நேரம் முழுக்க, நீ கூப்பிட்டதை அழித்துவிட்டு உன்னைச் சந்தோஷப்படுத்த வேறு என்ன எழுதலாம் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"வாழ்த்துகள்" என்றது ஏன் என்றால், பேச வேண்டியதை யோசிக்க எனக்கு ஒரு வாரம் வேண்டும். உனக்குத்தான் தெரியுமே. அந்த ஒரு வாரத்துக்குள் பாட்டைப் பதிவு செய்துவிட்டு நீ போய்விட்டாய்.

எழுதின எல்லாப் பாட்டும் உனக்கு எழுதினதுதான், சுதி. சரணத்தில் வருகிற அத்தனை 'அவளும்' நீதான். பாட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நீ நினைத்துக்கொள்வாய் என்று பயந்தேன். அப்படியேதான் ஆகியிருக்கிறது. பிறகு ஒரு கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் மூன்றாம் வருஷமே சொல்லிவிட்டாள், "நீங்க வேற யார் கூடவோ பேசிட்டு இருக்கீங்க" என்று. அவள் சொன்னது சரிதான். நல்லபடியாகப் பிரிந்துவிட்டோம்.

தயாரிப்பாளரிடம் பேசிவிட்டேன். பல்லவியில் புள்ளிகூட மாறாது. "கவித்துவமா..." என்று ஆரம்பித்தார். "வேற ஆளைப் பாருங்க" என்றேன். ஒப்புக்கொண்டுவிட்டார். அர்த்தம் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எனக்கு இன்னும் சில வருஷத்தில் ஓய்வு. விடுப்பு நிறையச் சேர்ந்து கிடக்கிறது. ஒரே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறேனே? கண்ணாடிக் கடைக்கு வருகிறேன், பவர் பார்க்க வந்த ஆளாக. எனக்குக் கண்ணும் மங்கித்தான் போயிருக்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் இல்லை. எதிரே உட்கார்ந்து ஒரு காபி குடிக்க வேண்டும். வா என்று சொல்.

புலவன்

*

மே 25

புலவருக்கு,

கடையில் மதிய இடைவேளையில் படித்தேன். 'அஞ்சு மணிக்கு' போட்டாலும் உட்காரும் என்று நினைத்தாயா? பாவி! வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் அந்தச் சிரிப்பு எப்போது வேறாக மாறியது என்று தெரியவில்லை. பக்கத்தில் வேலை செய்கிற பெண் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முதுகைத் தடவிவிட்டாள். வீட்டில் ஏதாவது சாவா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

நம்புகிறேன். உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்புவார்கள். பாலுக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட யோசித்துச் சொல்கிற ஆள்.

ஆனால் தெரியாமலே இருந்திருக்கலாம். இத்தனை வருஷமும் எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. நல்ல திடமான கோபம். அதைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வந்து இறங்கினேன், புது மொழி படித்தேன், முதல் வருஷக் குளிரைத் தாங்கினேன். இவரைப் பார்த்தேன். எனக்கு இவரைப் பிடித்தது, இன்றைக்கும் பிடித்திருக்கிறது. அதில் பொய் கிடையாது. தெரிந்தே வராதவனை விட்டுவிட்டு வாழ்வது பெரிய காரியமில்லை. நான் நன்றாகவே வாழ்ந்தேன். இப்போது நீ தெரியாமல் வரவில்லை என்கிறாய். அன்று பூரா எனக்காகவே உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறாய். இனி நான் யார்மேல் கோபப்படுவேன்? கோபம் போய்விட்டது. போன வேகத்தில் அந்த இடத்தில் நீ வந்து உட்கார்ந்துவிட்டாய். சமைக்கும்போது இருக்கிறாய், வில்லை தேய்க்கும்போது இருக்கிறாய். ஐம்பது வயதில் இது எனக்கு வேண்டாத வேலை.

இவருக்குத் தமிழ் காதில் விழுந்த அளவுதான். ஆனால் என் பாட்டு என்று 'மேம்பாலத்தை' வண்டியில் எப்போதும் போட்டு வைத்திருப்பார். பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் தாளம் போட்டு, 'உன்னைப் பாக்காமப் போக மாட்டேன்' என்று என் பக்கம் திரும்பிப் பாடுவார். உச்சரிப்பு கொடுமையாக இருக்கும். விழுந்து விழுந்து சிரிப்பேன். போன வாரம் அப்படிப் பாடினார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தலைவலியா என்று கேட்டுவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டார். அதற்கப்புறம் அவர் அதைப் போடவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் செய்தி கேட்டுக்கொண்டு போகிறோம்.

அதனால் அந்த வரியை மாற்றிவிடு. பதிவுக்கு முன் கிடைக்க வேண்டும் என்று இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். வேண்டாம் என்று சொன்னதும் நான்தான், இப்போது வேண்டும் என்று சொல்வதும் நான்தான். இந்த முறை பாட்டாகச் சொல்லவில்லை, புரியும்படி எழுதுகிறேன்: அந்த நாலு வரியையும் எடுத்துவிடு. நிழலோ காற்றோ எதையாவது போடு. உன் பேருக்கு உன் வரியாக இருக்கட்டும், ஊரும் பாடட்டும். புதுப் பதிவு வந்ததும் இவருடைய வண்டிக்கு அதைத்தான் வாங்கிப் போடப்போகிறேன்.

நீ வரக் கூடாது. கடைக்கு வந்து நின்றால் நான் வேலையைப் போட்டுவிட்டு உன்னோடு காபி குடிக்க வந்துவிடுவேன். காபியோடு நிறுத்திக்கொண்டு திரும்பி வருவேனா என்று எனக்குத் தெரியாது. எனக்கே தெரியாததை நீ சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கண்ணை அங்கேயே நல்ல இடமாகப் பார்த்துக் காட்டு. பிழை பார்க்கிற வேலை, தள்ளிப் போடாதே.

இதற்குப் பதில் எழுதாதே.

சுதி